ஓய்வுக்காலச் சேமிப்பைச் சீரமைக்கும்போது எந்தப் பங்கு ஃபண்டை வைத்துக்கொள்வது, எதை விற்பது

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைச் சீரமைக்க உட்காரும்போது, பெரும்பாலும் முதலில் எடுத்துப் பார்ப்பது கடந்த ஓராண்டிலும் மூன்றாண்டிலும் எந்தப் பங்கு ஃபண்ட் (பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) எவ்வளவு ஈட்டியது என்ற பட்டியலைத்தான். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய பட்டியல். அந்தப் பணம் எப்போது தேவைப்படும், அந்த ஃபண்டுக்குள் என்னென்ன பங்குகள் இருக்கின்றன, அதை வைத்திருக்க ஆண்டுதோறும் எவ்வளவு செலவாகிறது, அதிலிருந்து வெளியேற எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகே, கடந்தகால லாபத்துக்கு ஏதாவது பொருள் இருக்கும்.

சென்னையில் மாதச் சம்பளக் குடும்பங்களின் சேமிப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பி.எஃப். ஒருபுறம், வரி விலக்குக்காகத் தொடங்கிய என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் ஒருபுறம், வங்கிக் கிளையில் யாரோ சொல்லி வாங்கிய ஃபண்டுகள் ஒருபுறம், கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு மனை, லாக்கரில் நகை என்று இருக்கும். மனையையும் நகையையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. மருத்துவச் செலவு வந்தால் மனையில் கால் கிரவுண்டை மட்டும் விற்க முடியாது. மற்றவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். மியூச்சுவல் ஃபண்டுகளுக்குத் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரியையும் பான் எண்ணையும் கொடுத்தால், ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய இரு பதிவாளர்களிடமும் உள்ள எல்லா ஃபண்டுகளுக்குமான ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வந்துவிடும். சுருக்க அறிக்கை போதாது. ஒவ்வொரு தவணையும் வாங்கிய தேதியோடு வரும் விரிவான அறிக்கையைக் கேளுங்கள். வரிக் கணக்குக்கு அந்தத் தேதிகள் தேவைப்படும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். மடிப்பாக்கத்தில் குடியிருந்து கிண்டியில் தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் 54 வயதுக்காரர் ஒருவர் என்று கொள்வோம். 60 வயதில் ஓய்வு. பி.எஃப். இருப்பு 38 லட்சம் ரூபாய். என்.பி.எஸ்.ஸில் 7 லட்சம். அதில் முக்கால் பங்கு, அதாவது 5.25 லட்சம், பங்குப் பிரிவில் உள்ளது. ஐந்து பங்கு ஃபண்டுகளில் 30 லட்சம்: பெரிய நிறுவனங்களில் போடும் லார்ஜ்கேப் ஒன்றில் 8 லட்சம், எந்த அளவு நிறுவனத்திலும் போடக்கூடிய ஃப்ளெக்ஸிகேப் இரண்டில் 7 லட்சமும் 5 லட்சமும், சிறிய நிறுவனங்களில் போடும் ஸ்மால்கேப் ஒன்றில் 6 லட்சம், வங்கித் துறை ஃபண்டில் 4 லட்சம். ஆக மொத்தம் 75 லட்சம்; அதில் பங்குச் சந்தையில் இருப்பது 35.25 லட்சம், ஏறத்தாழ 47 சதவீதம். பி.எஃப். அமைப்பும் தன் நிதியில் ஒரு பகுதியை, சந்தையில் வாங்கி விற்கப்படும் இ.டி.எஃப். ஃபண்டுகள் வழியாகப் பங்குகளில் போடுகிறது என்றாலும், உறுப்பினருக்குக் கிடைப்பது அறிவிக்கப்பட்ட வட்டிதான். 2024-25ஆம் ஆண்டுக்கு அது 8.25 சதவீதம். ஆகவே பி.எஃப்.பை வட்டி தரும் பக்கத்திலேயே வைத்துக் கணக்கிட வேண்டும்.

முதலில் பங்குகளின் பங்கு எவ்வளவு என்பது

எந்த ஃபண்ட் என்ற கேள்விக்கு முன்னால், பங்குகளில் மொத்தம் எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வி நிற்கிறது. இதற்கு வயதை நூறிலிருந்து கழிக்கும் சூத்திரத்தைவிட நேரான சோதனை ஒன்று உண்டு. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கட்டத்தில் 8,000க்கும் கீழே இறங்கியது. 2020 ஜனவரியில் 42,000ஐக் கடந்திருந்த அதே குறியீடு, மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. எனவே உங்கள் பங்குத் தொகை பாதியாகும் ஆண்டு ஒன்று வரும் என்றே எடுத்துக்கொண்டு, அது ஓய்வு பெறும் ஆண்டாகவே இருந்தால் என்ன நடக்கும் என்று எழுதிப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 35.25 லட்சம் பாதியானால் 75 லட்சம் ஏறத்தாழ 57 லட்சமாகிவிடும். அவரும் மனைவியும் பேசிப் பார்த்து, 15 லட்சத்துக்கு மேல் இழப்பைத் தாங்க முடியாது என்று முடிவு செய்தால், பங்குகளில் இருக்க வேண்டிய உச்ச அளவு 30 லட்சம்; அதாவது 40 சதவீதம். இந்த உரையாடலை வீட்டில் இருவரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். சரிவின்போது பயந்து விற்பது பெரும்பாலும், முன்கூட்டித் தொகையாகச் சொல்லிவைக்காத இழப்பைத் திடீரென்று பார்ப்பவர்கள்தான்.

குறைக்க வேண்டியது 5.25 லட்சம். இதற்காக உடனே ஒரு ஃபண்டை விற்கத் தேவையில்லை. என்.பி.எஸ். கணக்குக்குள் பங்குப் பிரிவிலிருந்து அரசுக் கடன் பத்திரப் பிரிவுக்கு மாற்றினால் மூலதன ஆதாய வரி கிடையாது, வெளியேறும் கட்டணமும் கிடையாது. அவருடைய என்.பி.எஸ்.ஸில் இருக்கும் 5.25 லட்சத்தையும் அப்படி மாற்றினால் மொத்தக் குறைப்பும் ஒரு ரூபாய் வரியின்றி முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் எப்படியும் 60 வயதுக்குப் பிறகே பெரும்பாலும் கைக்கு வரும் என்பதால் அது கடன் பத்திரத்தில் இருப்பது பொருத்தமும்கூட. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: லாபத்தில் உள்ள மியூச்சுவல் ஃபண்டை விற்று வரி கட்டிவிட்டு, என்.பி.எஸ்.ஸை அப்படியே பங்குகளில் விட்டுவைக்கிறார்கள். பங்குகளின் மொத்த அளவை மாற்ற வேண்டுமென்றால், வரியில்லாத இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஃபண்டின் பெயருக்குள் என்ன இருக்கிறது

இப்போது அந்த ஐந்து ஃபண்டுகளுக்கு வருவோம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2017 அக்டோபரில் கொண்டுவந்த வகைப்பாட்டுக்குப் பிறகு, பெயரிலிருந்தே ஓரளவு உள்ளடக்கம் தெரியும். சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப். 101 முதல் 250 வரை மிட்கேப். 251 முதல் கீழே உள்ளவை ஸ்மால்கேப். லார்ஜ்கேப் ஃபண்ட் குறைந்தது 80 சதவீதத்தை முதல் நூறில் வைத்திருக்க வேண்டும். ஸ்மால்கேப் ஃபண்ட் குறைந்தது 65 சதவீதத்தை 251க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். 2020 நவம்பரில் உருவான ஃப்ளெக்ஸிகேப் வகைக்கு, 65 சதவீதம் பங்குகளில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு அளவுக் கட்டுப்பாடு இல்லை. அதன் மேலாளர் இன்று பெரிய நிறுவனங்களிலும் நாளை சிறிய நிறுவனங்களிலும் பணத்தை வைக்கலாம். ஆகவே ஃப்ளெக்ஸிகேப் என்ற பெயர் மட்டும் உங்களுக்கு எதையும் சொல்லாது. அதன் மாதாந்திரப் பட்டியலைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தன் இணையதளத்தில் மாதந்தோறும் முழுப் பங்குப் பட்டியலை வெளியிடுகிறது. ஐந்து ஃபண்டுகளின் பட்டியல்களையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பங்குகளை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஹெச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ் போன்ற பெயர்கள் லார்ஜ்கேப்பிலும் பல ஃப்ளெக்ஸிகேப்புகளிலும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். நிஃப்டி 50 குறியீட்டிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கி, நிதித் துறைதான். நம் எடுத்துக்காட்டில் லார்ஜ்கேப்பிலும் இரண்டு ஃப்ளெக்ஸிகேப்புகளிலும் உள்ள 20 லட்சத்தில் 30 சதவீதம் அத்துறையில் இருப்பதாக வைத்தால் அதுவே 6 லட்சம். வங்கித் துறை ஃபண்டின் 4 லட்சத்தைச் சேர்த்தால் 10 லட்சம், அதாவது பங்குச் சேமிப்பில் மூன்றில் ஒரு பகுதி, ஒரே துறையில் நிற்கிறது. ஐந்து ஃபண்டுகள் இருப்பதால் பணம் பரவலாக இருக்கிறது என்று அவர் நம்பியிருப்பார். இந்தத் தாள் அப்படிச் சொல்லவில்லை.

துறை ஃபண்டுகள், புதிதாக வரும் கருப்பொருள் ஃபண்டுகள் ஆகியவற்றை ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து முதலில் விலக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை மோசமானவை என்பதால் இல்லை. அவற்றில் எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது என்ற இரண்டு முடிவுகளையும் முதலீட்டாளரே சரியாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு துறை நன்றாக ஏறிய பிறகுதான் அத்துறைக்கான புதிய ஃபண்டுகள் அதிகம் வெளிவருகின்றன. வங்கிக் கிளையில் உங்கள் முன்னால் படிவத்தை நீட்டுவதும் அப்போதுதான்.

ஸ்மால்கேப்பைப் பொறுத்தவரை கேள்வி வேறு. 2018 தொடக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளில் நிஃப்டி 50 ஏறியிருக்க, ஸ்மால்கேப் குறியீடுகள் பெரும் சரிவைக் கண்டன. பெரிய பங்குகள் நன்றாக இருக்கும்போதே சிறிய பங்குகள் தனியாக விழக்கூடும். சரிவில் அவற்றை வாங்க ஆள் கிடைப்பதும் கடினம். 2024 மார்ச்சிலிருந்து மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் ஒவ்வொன்றும் தன் பங்குகளில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாட்கள் ஆகும் என்ற நெருக்கடிச் சோதனை முடிவை மாதந்தோறும் வெளியிடுகிறது. இரண்டு ஸ்மால்கேப் ஃபண்டுகளுக்கு இடையே தேர்வு செய்ய வேண்டியிருந்தால், லாபப் பட்டியலுக்கு முன்பு இந்த நாட்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஓய்வுக்கு ஆறு ஆண்டுகள் உள்ள ஒருவருக்குப் பங்குத் தொகையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஸ்மால்கேப் தேவையில்லை என்பது என் மதிப்பீடு. நம் நண்பரிடம் 20 சதவீதம் இருக்கிறது. புதிய தவணைகளை அதில் நிறுத்தினாலே காலப்போக்கில் விகிதம் குறையும். விற்க அவசரப்பட வேண்டாம்.

இரண்டு ஃப்ளெக்ஸிகேப்புகளில் எதை வைத்துக்கொள்வது

பலருக்கும் சிக்கல் வரும் இடம் இதுதான். இரண்டும் நல்ல ஃபண்டுகளாகவே தோன்றும். முதலில் லாபப் பட்டியல் ஏன் ஏமாற்றும் என்பதைப் பார்த்துவிடுவோம். நிஃப்டி 50, 2015 மார்ச் இறுதியில் 8,491. 2020 மார்ச் இறுதியில் 8,598. ஈவுத்தொகையை விட்டுவிட்டால், ஐந்து ஆண்டுகளில் லாபமே இல்லை என்று சொல்லலாம். அங்கிருந்து 2025 மார்ச் இறுதியில் 23,519. ஆண்டுக்கு 22 சதவீதத்துக்கு மேல். குறியீடு ஒன்றுதான், அளந்த தேதி மட்டுமே வேறு. ஒரு ஃபண்டின் ஐந்தாண்டு லாபம் 22 சதவீதம் என்று விளம்பரம் சொன்னால், அதில் மேலாளரின் திறமை எவ்வளவு, தொடக்கத் தேதியின் உதவி எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது.

ஆகவே, ஒரே ஒரு தேதியிலிருந்து அளக்காமல், ஒவ்வொரு மாதத்தையும் தொடக்கமாகக் கொண்டு அளந்த ஐந்தாண்டு லாபங்களை, அதாவது ரோலிங் ரிட்டர்ன் எனப்படுவதைப் பாருங்கள். இலவசமாகக் கணக்கிட்டுத் தரும் இணையதளங்கள் உள்ளன. இரண்டு ஃபண்டுகளையும் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடாமல், ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடப்பட்ட நிஃப்டி 500 டி.ஆர்.ஐ. குறியீட்டோடு ஒப்பிடுங்கள். 2018 பிப்ரவரியிலிருந்து ஃபண்டுகள் தங்களை டி.ஆர்.ஐ. குறியீட்டோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது செபியின் விதி. பெரும்பாலான காலப்பகுதிகளில் குறியீட்டை முந்திய ஃபண்ட் ஒன்று, ஓரிரு ஆண்டுகளில் மட்டும் பாய்ந்து மற்ற நேரங்களில் பின்தங்கிய ஃபண்ட் ஒன்று என்றால், மொத்த லாபம் இரண்டாவதில் அதிகமாக இருந்தாலும் முதலாவதையே வைத்துக்கொள்வேன். ஓய்வு பெறும் தேதியை நம்மால் நகர்த்த முடியாது. அந்த ஃபண்ட் எந்த ஆண்டில் பின்தங்கும் என்றும் முன்கூட்டித் தெரியாது.

அந்த முந்தலைச் சாதித்த மேலாளர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டில் மேலாளரின் பெயருக்குப் பக்கத்தில் பொறுப்பேற்ற மாதம் அச்சாகியிருக்கும். பொறுப்பேற்று ஓராண்டுதான் ஆகியிருந்தால், அதற்கு முந்தைய பத்தாண்டுச் சாதனை வேறொருவருடையது.

அடுத்து செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்துவதற்காக ஆண்டுதோறும் உங்கள் தொகையிலிருந்து கழிக்கப்படும் சதவீதம். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் முன்கூட்டியே உறுதியாகத் தெரியும் ஒரே எண் இதுதான். 20 லட்சம் ரூபாய் 15 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ 95.7 லட்சமாகும், 10 சதவீதம் வளர்ந்தால் 83.5 லட்சம். ஒரு சதவீதச் செலவு வித்தியாசம் 12 லட்சத்தைக் கொண்டுபோகிறது. ஒரே ஃபண்டின் ரெகுலர் பிளானுக்கும் டைரக்ட் பிளானுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கிறது. காரணம், ரெகுலர் பிளானில் விற்பனையாளரின் கமிஷன் ஆண்டுதோறும் கழிகிறது; டைரக்ட் பிளான் என்பது ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாக வாங்குவது. 2013 ஜனவரி முதல் டைரக்ட் பிளான் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனாலும் எல்லோரும் உடனே மாறிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே இந்தக் கணக்குகளைக் கவனித்துவந்து, அவருக்குப் பிறகு மனைவி படிவங்களுக்கும் யூனிட் மாற்றத்துக்கும் ஒருவரை நம்பியிருக்க வேண்டும் என்றால், பல ஆண்டுகளாகத் தெரிந்த நேர்மையான ஏஜென்ட்டுக்குச் செலுத்தும் கமிஷனுக்கு மதிப்பு உண்டு. அப்படி யாரும் இல்லாமல், வங்கிக் கிளையில் ஆண்டுக்கொரு முறை முகம் மாறும் ஊழியர் வழியாக வாங்கிய ரெகுலர் பிளான் என்றால், அந்தக் கமிஷனுக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை.

இந்த அளவுகோல்கள் எல்லாம் சேர்ந்து, லார்ஜ்கேப்பில் செயல்திறன் மிக்க மேலாளரைத் தேடுவது பயன் தருகிறதா என்ற கேள்விக்கும் நம்மைக் கொண்டுவருகின்றன. முதல் நூறு நிறுவனங்களைப் பற்றித் தெரியாத தகவல் சந்தையில் அதிகம் இல்லை. செலவைக் கழித்த பிறகு நீண்ட காலத்தில் குறியீட்டை முந்தும் லார்ஜ்கேப் ஃபண்டுகள் குறைவாகவே இருக்கின்றன. எனவே இந்த இடத்துக்கு, குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கிவைக்கும் நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 100 இண்டெக்ஸ் ஃபண்ட் பொருத்தம். இரண்டு இண்டெக்ஸ் ஃபண்டுகளில் எது என்றால், செலவு குறைந்ததும், குறியீட்டிலிருந்து விலகும் அளவு குறைந்ததுமான ஒன்று. ஸ்மால்கேப்பிலும் ஃப்ளெக்ஸிகேப்பிலும் மேலாளருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வெளியேறும் வழி

விற்பது என்று முடிவான ஃபண்டுகளில் முதலில் எஸ்.ஐ.பி. எனப்படும் மாதத் தவணையை நிறுத்துங்கள். வருமான வரிக் கணக்கில் முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்ட் யூனிட்டுகளுக்கு, 2024 ஜூலை 23 முதல், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குக் குறைந்த காலம் என்றால் 20 சதவீதம். பல ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் ஒரு சதவீத வெளியேறும் கட்டணமும் உண்டு. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட்டுகளுக்கு அன்றைய என்.ஏ.வி.யை (ஒரு யூனிட்டின் மதிப்பை) வாங்கிய விலையாகக் கொள்ளும் சலுகை இருப்பதால், பழைய யூனிட்டுகளின் ஆதாயம் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது. ரெகுலரிலிருந்து டைரக்ட்டுக்கு மாறுவதும் ஸ்விட்ச் என்ற பெயரில் நடக்கும் விற்பனைதான், வரி உண்டு.

நம் நண்பரின் வங்கித் துறை ஃபண்டில் 4 லட்சத்தில் 1.60 லட்சம் ஆதாயம் என்று வைப்போம். அந்த ஆண்டில் வேறு ஆதாயம் இல்லையென்றால், முழுவதையும் ஒரே நாளில் விற்றால் வரி செஸ் சேர்த்து 4,550 ரூபாய். மார்ச்சில் பாதியும் ஏப்ரலில் பாதியும் விற்றால் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிந்து வரியே இல்லை. ஆனால் 4,550 ரூபாயைச் சேமிக்க மார்ச் வரை மாதக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல. ஒரே துறையில் குவிந்திருப்பதன் ஆபத்து அதைவிடப் பெரியது. விடப்போகும் ஃப்ளெக்ஸிகேப்பிலும், லார்ஜ்கேப் ஃபண்டிலும் ஆபத்து அவ்வளவு அவசரமானதல்ல. அவற்றை மூன்று, நான்கு நிதியாண்டுகளில் பகுதி பகுதியாக, ஒவ்வோர் ஆண்டும் 1.25 லட்ச எல்லைக்குள், இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றலாம்.

ஒரு பங்கு ஃபண்டை விற்று இன்னொரு பங்கு ஃபண்டை வாங்கும்போது இடையில் பணத்தை நிறுத்திவைத்து, சந்தை இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். விற்பனைத் தொகை பொதுவாக இரண்டு வேலை நாட்களில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வந்த அன்றே புதிய ஃபண்டில் போட்டுவிடுங்கள். பங்குகளில் எவ்வளவு என்ற முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டோம். காத்திருப்பது அந்த முடிவைச் சத்தமில்லாமல் மாற்றுவதாகும். சில மாதங்களாகப் பிரித்துப் போடும் எஸ்.டி.பி. முறை, பி.எஃப். அல்லது வீடு விற்ற பணம் போன்ற புதிய தொகை பங்குகளுக்குள் நுழையும்போது மட்டும் பொருத்தம்.

புதிய ஃபண்டுகளில், லாபம் ஃபண்டுக்குள்ளேயே வளரும் குரோத் விருப்பத்தையே தேர்ந்தெடுங்கள். பணம் பிரித்துத் தரும் விருப்பத்தில் வரும் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரி அடுக்கின்படி கணக்காகும். ஓய்வுக்குப் பிறகு மாதத் தொகை தேவைப்பட்டால், மாதந்தோறும் குறிப்பிட்ட தொகைக்கு யூனிட்டுகளை விற்றுத் தரும் எஸ்.டபிள்யூ.பி. மூலம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புதிய கணக்கிலும் நியமனதாரர் பதிவாகியிருக்கிறாரா என்பதையும், வங்கிக் கணக்கு எண் சரியா என்பதையும் முதல் அறிக்கை வந்தவுடன் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் அவரிடம் ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட், ஒரு ஃப்ளெக்ஸிகேப், ஒரு ஸ்மால்கேப் என மூன்று பங்கு ஃபண்டுகள் மட்டுமே மீதி இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலில், பங்குகளின் அளவு 40 சதவீதத்திலிருந்து ஐந்து புள்ளிகளுக்கு மேல் விலகியிருக்கிறதா என்று பார்த்து, விலகியிருந்தால் முதலில் புதிய தவணைகளைக் கொண்டும், பிறகு என்.பி.எஸ்.ஸுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும். 57 வயதில் இந்த 40ஐயே மறுபடி கேள்விக்கு உட்படுத்தி, ஓய்வின் முதல் ஐந்தாண்டுச் செலவுக்கான தொகை முழுவதும் பி.எஃப்., வைப்புத்தொகை ஆகியவற்றில் இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். 60 வயது நிறைந்தவுடன் தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஒருவர் 30 லட்சம் வரை போடக்கூடிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அந்தத் தொகையின் பெரும்பகுதிக்கு இடம் கொடுக்கும்.